அந்த அலை பூமிக்கு வராது

ஐயா,

சூரிய வெடிப்புப் படத்தின் கீழ், ‘அலை பூமியைத் தாக்கும்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். சம்பா நடவைத் தள்ளிப்போடலாமா என்று இங்கே டீக்கடையில் கேட்கிறார்கள்! படத்தில் வட்டமாக விரியும் அலை, சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவிலேயே பரவி அடங்கிவிடும். பூமி வரை வரக்கூடியது வெடிப்பில் வீசப்படும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் கொண்ட சூடான வாயு. அதற்கும் பெரும்பாலும் 1 முதல் 3 நாள் ஆகும்.

இத்தகைய அலையை 1997இல் சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ (SOHO) விண்கலம் படம்பிடித்தது. வேகம் விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர். கரோனாவில் அடர்த்தி குறைந்து இருண்டு தெரியும் பகுதியான ‘கரோனாத் துளை’யின் விளிம்பை எட்டினால், அடைத்த மதகில் மோதிய வாய்க்கால் தண்ணீரைப்போல ஒரு பகுதி திரும்பிவிடும். அலை ஓடும் வேகத்தைக் கொண்டே கரோனாவில் உள்ள காந்தப்புலத்தின் வலிமையைக் கணிக்கிறார்கள். இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்? சூரியனை ஆராய ஆதித்யா-எல்1 விண்கலத்தை ஏவிய நாட்டில் இருந்துகொண்டு, பீதியை மட்டும் ஏன் அச்சிட வேண்டும்?

ஒரு வாசகர்,
மன்னார்குடி