கடலூருக்கு குடோன் வரணும்னா ரிட்டன் லோடு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் முதுநகர்ல 22 வருஷமா லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருக்கேன். பெரிய பார்சல் கம்பெனிங்க எல்லாம் விழுப்புரம், புதுச்சேரின்னு போயிடுறாங்க, கடலூர்ல இடம் குடுத்தா வருவாங்கன்னு நிறைய பேர் பேசுறாங்க. இடம் ஒரு காரணம்தான், ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது வேற இருக்கு, அத யாரும் பேசல.

லாரிக்காரனுக்கு முதல் கணக்கு ரிட்டன் லோடு, அதாவது இறக்கிட்டு திரும்பும்போது ஏத்துற சரக்கு. சென்னையிலேந்து ஏத்திட்டு வந்த வண்டி காலியா திரும்பினா அந்த டீசல் காசும் டோல் காசும் வர்ற சரக்கு மேலதான் ஏறும். குடிகாடு சிப்காட் தொழிற்பேட்டையில கெமிக்கல் கம்பெனிங்க இருக்குது, ஆனா அங்க வர்ற வண்டியில நிறைய டேங்கர்தான், ஆசிட், சால்வன்ட் இறக்கிட்டா அதுல வேற எதையும் ஏத்த முடியாது. மீன் வண்டி கேரளாவுக்கு ஐஸ் போட்டு போவுது, வரும்போது காலி பெட்டி. பண்ருட்டி பலா சீசன் முடிஞ்சா அந்த லோடும் இல்ல. இப்படி இருந்தா எந்த கம்பெனி இங்க ஹப்பு, அதாவது சரக்க சேத்து பிரிச்சு அனுப்புற இடம், போடும்?

விழுப்புரத்த பாருங்க. சென்னை - திருச்சி ரோடு, புதுச்சேரி ரோடு, திருவண்ணாமலை வழியா பெங்களூர் போற ரோடு எல்லாம் அங்க கூடுது. வண்டி எந்த பக்கம் திரும்பினாலும் சரக்கு கிடைக்கும், ராத்திரி ஏத்தினா விடியறதுக்குள்ள இறக்கிடலாம். நான் இங்கேந்து புதுச்சேரிக்கு அனுப்பின ஒரு பார்சல் விழுப்புரம் போய் பிரிச்சு மறுநாள்தான் போய் சேந்துது, இத்தனைக்கும் நமக்கும் புதுச்சேரிக்கும் 30 கிலோமீட்டர் கூட இல்ல.

புதுச்சேரி கதை வேற. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வர்ற வரைக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வரி, மாநிலம் தாண்டி வித்தா சிஎஸ்டிங்கிற மத்திய விற்பனை வரி, அதனால கம்பெனிங்க அங்கங்க ஒரு டிப்போ போட்டு, இது விற்பனை இல்ல, சொந்த டிப்போவுக்கு மாத்துறதுதான்னு காட்டுற எஃப் ஃபார்ம்ல சரக்க மாத்தி வச்சிருந்தாங்க. புதுச்சேரியில மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி பக்கம் அப்படி நிறைய குடோன் ஓடுச்சு. ஜிஎஸ்டி வந்ததும் அந்த தேவையே போயிடுச்சு, சின்ன டிப்போவ மூடிட்டு சென்னை பக்கம் ஒரே பெரிய குடோனா வச்சிக்கலாம்னு ஆயிடுச்சு. நம்ம லோடுமேன் பசங்க பல பேர் அப்பதான் வேலை இழந்தாங்க, அத நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. இப்பவும் எல்லையில இருக்கிற முள்ளோடை தாண்டினா நமக்கு வெளி மாநிலம்தான், தமிழ்நாட்டுக்குள்ள 1 லட்சம் ரூபா சரக்கு வரைக்கும் இ-வே பில்லுங்கிற ஆன்லைன் சரக்கு சீட்டு வேணாம், புதுச்சேரிக்கு போனா 50 ஆயிரம் ரூபா தாண்டினாலே வேணும். ஆனாலும் டீசல் அங்க விலை கம்மின்னு வண்டிங்க அங்கதான் டேங்க் ரொப்புது.

கம்பெனிக்காரங்க நேரா சொல்லாத காரணம் தண்ணி. 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலோட தென்பெண்ணை வெள்ளம். எங்க குடோன்ல 2015ல முழங்கால் வரைக்கும் தண்ணி நின்னுச்சு, அடி வரிசை மூட்டை எல்லாம் போச்சு. கோடிக்கணக்குல சரக்கு அடுக்குறவன் தரைமட்டம் பாக்காம வரமாட்டான்.

அதனால என் கோரிக்கை இதுதான். உப்பனாறு ஓரம் தாழ்வான இடத்த காட்டாதீங்க, கேப்பர் மலை பக்கம் மேடான இடமா பாத்து லாரி டெர்மினல் கட்டுங்க, எடைமேடை, டிரைவருங்க தூங்க குளிக்க இடம், எல்லா புக்கிங் ஆபீஸும் ஒரே வளாகத்துல. சிப்காட், முந்திரி, மீன், நெய்வேலி பக்கத்து சரக்கு எல்லாம் அங்கயே புக் ஆனா வர்ற வண்டி காலியா போகாது. துறைமுகத்த செலவு பண்ணி ஆழப்படுத்தினாங்க, பக்கத்துலயே கடலூர் துறைமுகம் ஜங்ஷன், விழுப்புரம், விருத்தாசலம், மயிலாடுதுறை மூணு பக்கமும் லைன் போவுது, இத்தனையும் வச்சிக்கிட்டு நாம விழுப்புரத்த நம்பி நிக்கிறோம்.

கலெக்டர் ஒரு தடவையாவது லாரி ஓனருங்க, புக்கிங் ஆபீஸ்காரங்க, சிப்காட் கம்பெனிங்க மூணு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு, எந்த மாசம் எந்த ஊருக்கு எவ்ளோ சரக்கு போவுது, எவ்ளோ வருதுன்னு கணக்கெடுக்க சொல்லணும். எங்கிட்ட இருக்கிற 22 வருஷ புக்கிங் நோட்ட குடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் வாசகர்,
கடலூர் முதுநகர்