இணைய மானியம்: கணக்கு வீட்டிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புற அதிவேக இணையத்துக்கு எத்தனை கோடி ஒதுக்கீடு என்பது தலைப்புச் செய்தியாக வருகிறது. அந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் வரைபடம் பேச்சிலேயே அடிபடுவதில்லை. வரைபடத்தில் ஓர் ஊருக்கு ‘சேவை உண்டு’ என்று பச்சை நிறம் விழுந்துவிட்டால், அங்கே பத்து வீட்டுக்கு இணைப்பு இல்லாமல் இருந்தாலும் மானியம் அந்தப் பக்கம் வராது.

அமெரிக்காவில் இது எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. அங்கே தொலைத்தொடர்பு ஆணையம் நிறுவனங்களிடமிருந்து பல ஆண்டுகளாக வாங்கிவந்த கணக்குக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வரும் ‘பிளாக்’ என்ற சிறு பகுதிதான் அலகு. ஒரு பிளாக்கில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புத் தர முடிந்தாலும் பிளாக் முழுக்கச் சேவை உண்டு என்று எழுதிக்கொண்டார்கள். நகரத்தில் பிளாக் என்பது நாலு தெருவுக்குள் முடிந்துவிடும். நாட்டுப்புறத்தில் அதுவே பல சதுர மைல் பரப்பு. நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு வீட்டை வைத்து, உள்ளே தள்ளியிருக்கும் பண்ணை வீடுகள் எல்லாம் கணக்கிலிருந்து விடுபட்டன. 2020-இல் இதைத் திருத்தச் சட்டம் வந்தது. கட்டடம் கட்டடமாகக் குறித்த வரைபடம் 2022 நவம்பரில் வெளியானது. இடையில், பழைய கணக்கை நம்பி 2020-இல் நடத்திய ஏலத்தில் சுமார் 920 கோடி டாலர் மானியத்தை நிறுவனங்கள் வென்றன. அந்த இடங்களில் வாகன நிறுத்துமிடங்களும் ஏற்கெனவே நல்ல இணையம் உள்ள நகரப் பகுதிகளும் இருப்பதாக அடுத்த ஆண்டே புகார் எழ, அவற்றைக் கைவிடும்படி ஆணையமே நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. அதன் பிறகு வந்த 4,245 கோடி டாலர் திட்டத்தில், எந்த மாநிலத்தில் எத்தனை கட்டடங்களுக்குச் சேவை இல்லை என்று புதிய வரைபடம் காட்டுகிறதோ அதைப் பொறுத்தே 2023-இல் பணம் பிரிக்கப்பட்டது.

நம்மிடம் சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. 2011-இல் தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க் என்று தொடங்கி, பின்னர் பாரத்நெட் ஆன திட்டத்தின் அலகு கிராம ஊராட்சி. வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி வரை ஃபைபர் (ஒளியில் தகவலைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை) போய், அங்கே ஒரு பெட்டி பொருத்தியதும் அந்த ஊராட்சி ‘தயார்’ பட்டியலில் ஏறிவிடும். ஓர் ஊராட்சிக்குள் ஐந்தாறு குக்கிராமங்கள், ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பது நாம் எல்லோரும் அறிந்ததே. 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த திருத்தப்பட்ட திட்டம் இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கும், கேட்டால் இணைப்பு உண்டு என்கிறது. கேட்டது யார், எங்கே, என்றைக்கு என்பதைப் பதிவதற்கு வீட்டளவிலான வரைபடம் இல்லாவிட்டால், அந்தக் ‘கேட்டால்’ என்ற சொல்லுக்குள் எல்லாமே கரைந்துபோகும்.

வரைபடம் என்றதும் பெரிய தொழில்நுட்பமாக நினைக்க வேண்டாம். கட்டடத்துக்கு ஒரு வரிப் பதிவு: கதவு எண், அட்சரேகை, தீர்க்கரேகை, வீடா பள்ளியா கடையா, தரப்படும் வேகம், எந்த வழியில் (ஃபைபர், செப்புக் கம்பி, டவர்), கடைசியாகச் சரிபார்த்த தேதி. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஐந்து தசம இலக்கம் வரை எழுத வேண்டும். ஐந்தாவது இலக்கம் தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர்; மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை தள்ளிப் புள்ளி விழலாம், எதிர்த் தெரு வீட்டுக்குச் சேவை எழுதப்பட்டுவிடும். அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப் பதிவாவது. கூரை தெரிகிற செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்து எண்ணினால் மாட்டுக்கொட்டகை வீடாகும், ஒரே கூரைக்குக் கீழே குடியிருக்கும் மூன்று குடும்பம் ஒன்றாகும். ஆகவே தெருவில் நடந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது, ‘வீட்டு வாசல் வழியாக ஃபைபர் போகிறது’ என்ற சொல். வழியாகப் போவது வேறு, இணைப்புத் தர முடிவது வேறு. வீடுகளுக்கு ஃபைபர் இணையம் தரும் ஜிபான் முறையில் ஒரு ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் ‘பி பிளஸ்’ வகைக் கருவி, வழியில் 28 டெசிபல் (ஒளி எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு) இழப்புவரை தாங்கும். 32 பிரிவு ஸ்ப்ளிட்டர் மட்டுமே ஏறக்குறைய 17 எடுத்துக்கொள்ளும். 20 கிலோமீட்டர் ஃபைபருக்கு, கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 7. கனெக்டர் நாலுக்கு 2, ஃபைபர் முனைகளை இணைத்த பத்து ஒட்டுக்கு 1. ஆக 27. கையில் மிச்சம் ஒன்றே ஒன்று. ஜேசிபி ஒரு முறை கேபிளை இழுத்து, அவசரத்தில் போட்ட ஒட்டும் பெட்டிக்குள் மடங்கிய ஃபைபரும் சேர்ந்தால் அந்த ஒன்றும் போய்விடும். கடைக்கோடி வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். வரைபடத்திலோ அந்த வீடு பச்சையாகவே இருக்கும். மடிப்பால் வரும் இழப்பு 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் செய்யும் சோதனையில் பெரும்பாலும் தெரியாது, 1550-இல் தெரியும். அதனால் இரண்டு அலைநீளத்திலும் எடுத்த ஓடிடிஆர் (ஃபைபரில் எந்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் கருவி) பதிவைக் கேட்டு வாங்க வேண்டும்.

வரைவு வரைபடத்தை மக்கள் முன் வைத்து ஆட்சேபம் கேட்பது இதில் மிக முக்கியமான கட்டம். வாக்காளர் வரைவுப் பட்டியலுக்கு ஊரே பழகியிருக்கிறது, இதுவும் அதே வழிதான். தெருவாரியாக அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, கிராம சபையில் வாசித்து, முப்பது நாள் அவகாசம் தரலாம். ஆட்சேபத்துக்குச் சான்று வலுவாக இருக்க வேண்டும். வைஃபையில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் நிற்காது, ‘உங்கள் வீட்டுச் சுவர்தான் காரணம்’ என்று தள்ளிவிடுவார்கள். மோடத்திலிருந்து நேராக லேன் கேபிளில், மற்ற கருவிகளை அணைத்துவிட்டு, காலை, மாலை, இரவு ஒன்பது மணி என மூன்று வேளை எடுத்து, தேதியோடு சேமிக்க வேண்டும். இணைப்பே தரவில்லை என்றால், விண்ணப்பித்த நாளும் நிறுவனம் மறுத்த அல்லது கூடுதல் தொகை கேட்ட குறுஞ்செய்தியும் போதும். அமெரிக்க விதியில், கேட்டுப் பத்து வேலை நாளுக்குள் இணைப்பு தர முடியாவிட்டால் அந்த இடத்தில் சேவை உண்டு என்று நிறுவனம் காட்டிக்கொள்ளக் கூடாது. இங்கேயும் அப்படி ஒரு வரி எழுதுவதில் என்ன தடை?

வேகத்துக்கான அளவுகோலையும் உயர்த்த வேண்டும். 2023 ஜனவரியில் திருத்திய பிறகும் நம் நாட்டில் பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகம்தான். அந்தக் கோட்டை வைத்து வரைந்தால் செல்போன் டவர் எட்டும் ஊரெல்லாம் பச்சையாகிவிடும்.

கடைசியாகப் பணம். தோண்டிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்தால் கிலோமீட்டர்தான் வரும். மானியத்தின் பெரும்பகுதி, வரைபடத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் உள்ள பதிவோடு பிணைக்கப்பட வேண்டும். முதல் தவணை ஃபைபர் பதித்து, உண்மையில் பதித்த வழியின் வரைபடம் தந்ததும். அடுத்தது வீட்டில் வாங்கும் ஒளியளவையும் வேகத்தையும் வேறொரு குழு அளந்த பின். ஒரு பங்கை, ஆறு மாதம் தடையின்றி ஓடிய பிறகே தர வேண்டும். ஃபைபர் ஒரே வழியில் போகும் பழைய நேர்கோட்டு அமைப்பில் ஓரிடத்தில் வெட்டு விழுந்தால் அதற்கு அப்பால் இருக்கும் ஊரெல்லாம் இருண்டது. வளைய அமைப்பு வந்தால் மறுபக்கம் சுற்றி வரலாம். ஆனால் வளையத்தின் இரு கரங்களும் ஒரே பள்ளத்தில் போனால் வளையம் போட்டதில் பயனில்லை. பதித்த வழி வரைபடத்தில் ஒப்புதல் அதிகாரி முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்