அப்டேட்டால் பழுதான கருவிக்கு மூன்று மாதக் கெடு பொருந்துமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டிலிருக்கும் என் தம்பி அனுப்பிய பணத்துடன் எனது சேமிப்பையும் சேர்த்து, சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த மகனுக்குப் பம்பலப்பிட்டியிலுள்ள கடையொன்றில் விளையாட்டுக் கன்சோல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டும் ஓராண்டு உத்தரவாத அட்டையும் தந்தார்கள். ஏழு மாதங்கள் எந்தக் குறையுமின்றி இயங்கிய அந்தக் கருவி, உற்பத்தி நிறுவனம் இணையம் வழியாக அனுப்பிய மென்பொருள் அப்டேட்டை ஏற்றிய மறுநாள் காலையில் உயிர்பெறவில்லை. இரவில் மின்வெட்டு ஏற்படவில்லை, இணைய இணைப்பும் அறுபடவில்லை. அப்டேட் நிறைவடைந்தது என்ற அறிவிப்பு திரையில் வந்த பின்னரே மகன் அதை நிறுத்திவிட்டு உறங்கப் போனான்.

கடைக்குக் கொண்டு சென்றபோது, "இது சொப்ட்வெயார் பிரச்சினை மிஸ், வாரண்டிக்குள்ள வராது" என்ற ஒற்றை வரியுடன் கருவியைத் திருப்பித் தந்தார்கள். பின்னர் வேறோர் இடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்தபோது, சுற்றுப்பலகையில் பழுதெதுவும் இல்லை என்றும், உள்நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும் மென்பொருளே சிதைந்திருக்கிறது என்றும் திருத்துநர் கூறினார். பயன்படுத்தியவரின் கவனக்குறைவால் நேர்ந்த பழுது அல்ல அது என்பது அப்போது உறுதியாயிற்று. அப்படியானால் பொறுப்பு யாருடையது என்பதே நான் தங்கள் பத்திரிகையின் வாயிலாகக் கேட்க விரும்பும் கேள்வி.

அப்டேட்டை விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்று சிலர் கூறக்கூடும். நடைமுறையில் அந்தத் தெரிவு கிடையாது. அதை மறுப்பவர் இணையத்தில் பிறருடன் சேர்ந்து விளையாட முடியாது. புதிதாகப் பணம் கொடுத்து வாங்கும் விளையாட்டுகளும் பெரும்பாலும் புதிய மென்பொருள் இல்லாமல் திறக்க மாட்டா. ஏற்றிய பிறகு குறை தென்பட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பவும் நிறுவனங்கள் இடமளிப்பதில்லை. வாங்கியவருக்குச் சொந்தமான பொருளின் உள்ளே, விற்பனை முடிந்து பல மாதங்களுக்குப் பின்னரும் உற்பத்தியாளரின் கை இருந்துகொண்டே இருக்கிறது. கை அங்கே இருக்கும்வரை பொறுப்பும் அங்கே இருக்க வேண்டாமா?

இத்தகைய தவறு அபூர்வமானதும் அல்ல. 2008 ஜூலையில் சோனி நிறுவனத்தின் விளையாட்டுக் கன்சோலான பிளேஸ்டேஷன் 3 கருவிக்கான மென்பொருளின் 2.40 இலக்கப் பதிப்பு சிலரின் கருவிகளை இயங்கவிடாமல் செய்ததால், அதை மீளப்பெற்றுச் சில நாட்களில் 2.41 ஐ வெளியிட வேண்டியதாயிற்று. 2013 ஜூனில் 4.45 இலக்கப் பதிப்பும் அவ்வாறே மீளப்பெறப்பட்டது. 2010 ஏப்ரல் 1 அன்று வெளியான 3.21 இலக்கப் பதிப்பு வேறு வகையானது. லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம் என்று சொல்லி விற்கப்பட்ட கருவியிலிருந்து, அந்த வசதியையே அது அகற்றிவிட்டது. அமெரிக்காவில் பயனர்கள் ஒன்றுதிரண்டு தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீடித்து, சோனி நிறுவனம் இழப்பீடு வழங்க உடன்பட்டதோடு முடிந்தது. விற்ற பின் ஒரு பொருளை மாற்றியமைப்பது நீதிமன்றம் விசாரிக்கத்தக்க விடயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிற நாடுகளின் சட்டங்கள் இதைக் கவனத்தில் எடுத்துள்ளன. பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின் 46 ஆம் பிரிவு, வழங்கப்பட்ட மென்பொருள் நுகர்வோரின் கருவியைச் சேதப்படுத்தி, நியாயமான கவனத்துடன் செயற்பட்டிருந்தால் அச்சேதம் நேர்ந்திராது எனும் நிலையில், அதைச் சீர்செய்யவோ இழப்பீடு செலுத்தவோ வழங்கியவரைக் கட்டாயப்படுத்துகிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பணிப்புரையோ, கருவியோடு இணைந்த மென்பொருளை வேறொருவர் வழங்கினாலும் அதன் குறைக்கு விற்பனையாளரே பதில் சொல்ல வேண்டும் என்கிறது. எனக்குக் கடையில் கிடைத்த பதில் அங்கே செல்லாது. அவுஸ்திரேலியாவில், ஐபோன், ஐபேட் கருவிகள் அப்டேட்டின் பின் '53' என்ற பிழை இலக்கத்தைக் காட்டிச் செயலிழந்தபோது, வெளியாரிடம் திருத்தியதால் நிவாரணம் கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் கூறியமைக்காக, 2018 ஜூனில் அப்பிள் நிறுவனத்துக்கு 90 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

நமது நாட்டில் சட்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தை வரிவரியாக வாசித்தேன். உற்பத்தியாளரோ வர்த்தகரோ வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளித்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கவும், இழப்பீட்டுக்கோ பொருளை மாற்றிக் கொடுப்பதற்கோ பணத்தைத் திருப்பிச் செலுத்துவதற்கோ கட்டளையிடவும் 13 ஆம் பிரிவு அதிகார சபைக்கு இடமளிக்கிறது. விற்பதற்காக இறக்குமதி செய்பவரும் அச்சட்டத்தின்படி வர்த்தகரே. ஆகவே, 'இது நாங்கள் செய்த பொருள் அல்ல' என்று கொழும்பு இறக்குமதியாளர் எவரும் ஒதுங்கிவிட முடியாது என்றே நான் கருதுகிறேன்.

சிக்கல் அதே பிரிவில் உள்ள இன்னொரு நிபந்தனையில் இருக்கிறது. முறைப்பாடு எழுத்து மூலம், பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். மின்விசிறியோ அரிசி ஆட்டும் கிரைண்டரோ வாங்கியவருக்கு இந்தக் காலம் ஓரளவு போதலாம். ஏனெனில் அப்பொருளின் குறை பெரும்பாலும் விற்கும்போதே அதற்குள் இருக்கிறது. ஏழு மாதங்களுக்குப் பின் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த குறையை மூன்றாம் மாதத்துக்குள் முறையிடு என்று எந்த மனிதரிடம் கேட்க முடியும்? கடைக்காரர் தரும் உத்தரவாதம் பன்னிரண்டு மாதங்களுக்கு ஓட, அதை மீறினால் முறையிடும் வழி மூன்றே மாதங்களில் அடைபட்டுவிடுவது, கன்சோலுக்கு மட்டுமன்றிக் கைத்தொலைபேசி, தொலைக்காட்சி, வாகனம் என மென்பொருளால் இயங்கும் எல்லாவற்றுக்கும் நேர்கின்ற அநீதி.

நிறுவனத்தையே நேரடியாக நாடலாம் என்றால், இங்குள்ளவர்களுக்கு அதுவும் எளிதன்று. உதாரணமாக, சோனியின் இணைய விளையாட்டுச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் கணக்குத் தொடங்குவதற்கான நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால், நமது பிள்ளைகள் வேறொரு நாட்டைத் தெரிவுசெய்தே கணக்குத் திறக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கொண்டு வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் எந்த நாட்டு நுகர்வோராகத் தம் உரிமையைக் கோருவது? நமக்கு எஞ்சியிருப்பவர் உள்ளூர் விற்பனையாளர் ஒருவரே என்பதால்தான் சட்டம் அவரிடத்தில் உறுதியாக இருக்க வேண்டியிருக்கிறது. சிறு கடைக்காரர்மீது முழுச் சுமையையும் ஏற்றுவது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அவருக்கு இறக்குமதியாளரும், இறக்குமதியாளருக்கு உற்பத்தியாளரும் இருக்கிறார்கள், எனக்கு அவரைத் தவிர வேறு எவரும் இல்லை.

ஆகவே, வர்த்தக அமைச்சையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையையும் நான் வேண்டுவது இதுதான். 13 ஆம் பிரிவின் மூன்று மாதக் காலம் குறை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும்படியும், எழுத்தில் உத்தரவாதம் உள்ள பொருளுக்கு அவ்வுத்தரவாதம் முடியும்வரை முறைப்பாடு ஏற்கப்படும்படியும் திருத்தப்பட வேண்டும். உற்பத்தியாளர் அனுப்பும் மென்பொருளும் விற்ற பொருளின் பகுதியே என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். திருத்தம் நாடாளுமன்றத்தை எட்டக் காலமாகும் என்பதை அறிவேன். அதுவரை, உத்தரவாத அட்டையில் மென்பொருள் பழுது அடங்குமா இல்லையா என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, பணம் வாங்குமுன் காட்ட வேண்டும் என்றாவது அதிகார சபை வர்த்தகர்களைப் பணிக்கலாம். அந்த ஒரு வரி எனக்குக் காட்டப்பட்டிருந்தால், அன்று அந்தக் கடையில் நான் பணத்தைக் கொடுத்திருக்க மாட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.