பப்பாளி விதையின் நிறம் பாலினம் சொல்லாது

ஆசிரியருக்கு,

பப்பாளி விதை கறுத்திருந்தால் பெண், வெளுத்திருந்தால் ஆண் என்ற நம்பிக்கை இன்னும் ஓயவில்லை. நிறம் விதையுறையில் இருக்கிறது. உறையோ தாய்மரத்தின் திசு. உள்ளே உறங்கும் கருவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கருவில் எக்ஸ் எக்ஸ் குரோமோசோம் இருந்தால் பெண், எக்ஸ் ஒய் இருந்தால் ஆண். அந்த ஒய் சற்றே மாறிய வடிவில் இருந்தால், ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் கொண்ட இருபால் மரம். இரண்டு ஒய் சேர்ந்த கரு பிழைப்பதில்லை. அதனால்தான் கோ 7 போன்ற ரகத்தில் இருபால் பூவைத் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்தால், நாற்றுகள் 3:1 ஆக வராமல் 2 இருபாலுக்கு 1 பெண் என்று வருகின்றன.

எனவே குழிக்கு 3 நாற்று வையுங்கள். மூன்றுமே பெண்ணாக அமைய 27-இல் ஒரு வாய்ப்புதான். மொட்டு விட்டதும் இருபாலில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடலாம். பெண் மொட்டு அடி பருத்து நுனி கூம்பியிருக்கும். இருபால் மொட்டு நீண்டு உருளையாக இருக்கும். நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண். ஆணும் பெண்ணும் தனித்தனி மரமாக வரும் கோ 2 போன்ற தனிப்பால் ரகமென்றால் ஆணை அடியோடு அழிக்காதீர்கள். 20 பெண்ணுக்கு ஒன்று வேண்டும்.

இன்னொன்று. இருபால் மரம் கடும் வெயிலில், காயாக மாறவேண்டிய சூலகம் வளராத பூக்களைத் தள்ளும், காய் பிடிக்காது. குளிரில் மகரந்தத் தாள்கள் சூலகத்தோடு ஒட்டி, காய் கோணலாகும். விதையில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது வீண். பெண் மரம் இந்த ஆட்டமெல்லாம் ஆடுவதில்லை.

தோட்டக்கலை வாசகர்,
கோவை