கக்கத்துச் சங்கதி

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வாட்ஸ்அப் புலனத்தில் நாலு வரி தட்டிவிட்டால் முடிகிற காலத்தில் நீ இன்னும் நீல மசியில் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். அதற்காகவே நானும் பேனாவைத் தேடி எடுத்தேன். இங்கே நேற்று நல்ல மழை, ஆனாலும் புழுக்கம் போகவில்லை. காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன், தாள் முழங்கையில் ஒட்டுகிறது.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருந்தாயே, அதற்குத்தான் முதலில் பதில். மகளுக்கு அக்குள் கறுத்து அரிக்கிறது, வெள்ளையாக்கும் கிரீம் வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறாள் என்று. ஏன் பொடி எழுத்து என்பதும் எனக்குத் தெரியும். கக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள்தானே நாம்!

என் கதையைக் கேள். போன வருடம் மேமோகிராம், அதான் மார்பக எக்ஸ்ரே, எடுக்கப் போனேன். அறைக்குள் நுழைந்ததும் நர்ஸ் மிஸ்ஸி கேட்ட முதல் கேள்வி, டியோடரண்ட் போட்டிருக்கிறீர்களா என்பது. போடாமல் இந்த ஊரில் வாசலைத் தாண்ட முடியுமா? ஈரத்துணியைக் கையில் கொடுத்து, நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள் என்றார். அதிலிருக்கும் அலுமினியத் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுமாம். மார்பில் படியும் சுண்ணாம்புத் துகளும் அப்படியேதான் தெரியும், எது எதுவென்று டாக்டர் குழம்பிப் போவார். சரி என்று துடைத்தேன். துணியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வந்தது. இன்னொரு துணி வாங்கித் துடைத்தேன், அதிலும் வந்தது. காலையில் குளித்துவிட்டு வந்தவள் நான்! மிஸ்ஸி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், புண்ணியவதி. (படத்தில் ஒன்றுமில்லை, பதறாதே.)

அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை வருடமும் நாள் தவறாமல் போட்டேனே தவிர, ஒருநாளும் அதை எடுக்கவில்லை. நான் வாங்குவது ஸ்டிக். அதில் மெழுகும் எண்ணெயும் இருக்கின்றன, வெறும் தண்ணீர் ஊற்றினால் வாழை இலையில் ஓடுவதுபோல ஓடிவிடும். அவசரக் குளியலில் சோப்பை ஒரு இழுப்பு, மறுநாள் அதன்மேலேயே இன்னொரு பூச்சு. வியர்வையும் செத்த தோலும் அதில் சேர்ந்து அப்பிக்கொள்ளாமல் என்ன செய்யும்? என் தோல் கறுத்துவிட்டது என்று நான் நினைத்ததில் பாதி இந்த அப்பல்தான்.

அதற்குப் பிறகாவது புத்தியோடு நடந்தேனா என்றால், இல்லை. புலனத்தில் வந்த வைத்தியம் ஒன்று: பேக்கிங் சோடாவும் எலுமிச்சைச் சாறும் குழைத்துப் பத்து நிமிடம். பொங்கி நுரைத்தபோது ஏதோ வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். நம் தோல் இலேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 5-ஐ ஒட்டியே இருக்கும். சோடா காரம், எலுமிச்சையோ கடும் அமிலம். இரண்டில் எது மிஞ்சினாலும் தோலுக்குத்தான் அடி. ஒரு வாரம் இறக்கையை விரித்த கோழி மாதிரி நடந்தேன். கிளினிக் டாக்டர் திட்டாமல் சிரித்தார், அதுதான் கூடுதல் வலி. எல்லாவற்றையும் இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். வாசனையில்லாத மென்மையான சோப்பு, தளர்வான பருத்திச் சட்டை, அவ்வளவுதான்.

இப்போது இரவில்தான் என் கவனிப்பெல்லாம். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு தடவி ஐந்து நிமிடம் விடுவேன். மெழுகை எண்ணெய் இளக்கிவிடும். பிறகு மெல்லிய துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஒற்றி உலர்த்துவேன். நார் போட்டுத் தேய்க்கவே கூடாது. பூசுவதும் படுக்கப் போகும் முன்தான், நன்றாகக் காய்ந்த தோலில், ஒரே பூச்சு. போத்தலில் ஆண்டிபெர்ஸ்பிரண்ட் என்று போட்டிருந்தால் அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயில் போய் அடைப்பாக உட்கார வேண்டும். இரவில் வியர்வை குறைவு, அதனால் நன்றாக உட்காரும். காலையில் குளித்தாலும் பலன் போகாது. வெறும் டியோடரண்ட் வாடையைத்தான் பார்த்துக்கொள்ளும், வியர்வையை நிறுத்தாது. சவரம் செய்த அன்றைக்கு நான் எதுவும் பூசுவதில்லை.

வாடை என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டுச் சீன அக்கா வாழ்நாளில் இதெல்லாம் வாங்கியதே இல்லையாம். எனக்கு ஒரே பொறாமை. வியர்வைக்குத் தனியாக வாடை கிடையாது, அக்குள் சுரப்பியிலிருந்து வருவதைத் தோலிலுள்ள பாக்டீரியா தின்று கிளப்புவதுதான் வாடை. ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வகை, கிழக்காசியர் பெரும்பாலோரிடம் இருப்பது, அந்தத் தீனியையே குறைத்துவிடுகிறது. அதே மரபணுதான் அவர்களுடைய காதுக் குறும்பியையும் உலர்ந்ததாக வைத்திருக்கிறது. நமக்குக் காதிலும் பிசுபிசுப்பு, கக்கத்திலும் பிசுபிசுப்பு.

உன் அம்மா படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்ப்பாரே, லெபு பாசார் பக்கம் இன்னும் கிடைக்கிறது. மலாய்க்காரர்கள் தாவாஸ் என்பார்கள். இரசாயனமே இல்லாதது என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் அதுவும் அலுமினிய உப்புதான். ஒரு நல்லது, மெழுகில்லாததால் தண்ணீரிலேயே போய்விடும். மகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கலாம், அரிப்பு முழுவதும் அடங்கிய பிறகு. அலுமினியம் மார்பகப் புற்றுநோய் தரும் என்று வரும் செய்தியை நம்பிக் கலங்காதே, தெளிவான தொடர்பு எதுவும் காணப்படவில்லை என்றுதான் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் சொல்கிறது.

வெள்ளையாக்கும் கிரீம் மட்டும் வேண்டவே வேண்டாம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 10 வெள்ளிக்குக் கிடைப்பதைப் பார்த்திருப்பாய். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த கிரீம்களைப் பற்றி நம் சுகாதார அமைச்சு எத்தனை முறை எச்சரித்துவிட்டது! டப்பாவில் NOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இல்லையென்றால் தொடவே கூடாது. உராய்வாலும் சவரத்தாலும் அரிப்பாலும் வந்த கறுப்பு, காரணம் நின்றால் சில மாதத்தில் மெல்ல மங்கும். அதுவரை பொறுக்க வேண்டும். பதினைந்து வயதுக்குப் பொறுமை எங்கே இருக்கிறது, அது உன் பாடு.

ஆனால் ஒன்று பார். கறுத்த இடம் வெல்வெட் மாதிரி தடித்து, பின்கழுத்திலும் அப்படியே இருந்தால் அது பூச்சு வேலை இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம், கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடு. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. உன் வீட்டிலும் என் வீட்டிலும் சொல்லவே வேண்டாம். கட்டி போலத் தட்டுப்பட்டாலும் தள்ளிப்போடாதே.

அப்புறம், ஒரு விஷயத்தை இதுவரை இழுத்தடித்துவிட்டேன். உன் சந்தன நிறப் பட்டு பிளவுஸ். என் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு இரவல் வாங்கினேனே, அது. இரண்டு கக்கத்திலும் மஞ்சள் படிந்துவிட்டது. அலுமினியமும் வியர்வையும் சேர்ந்தால் வருவது அது. பருத்தி என்றால் தண்ணீரில் வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைத்திருப்பேன். குளோராக்ஸ் வெளுப்பான் போட்டால் மஞ்சள் இன்னும் ஏறும், வினிகரோடு அதைச் சேர்த்தால் நச்சு வாயு வேறு. பட்டில் எதைப் போடவும் எனக்குத் துணிவில்லை. தையற்காரரிடம் கொடுத்து உள்பக்கம் பருத்தித் துண்டு வைத்துத் தைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறி வருகிறேன், பிளவுஸும் கூடவே வரும். கையைத் தூக்காமல் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரியாது.

உன்,
கடைசி பெஞ்சுக்காரி