ஹெலிகாப்டரை முதல் அழைப்பிலேயே கிளப்புங்கள்

அவசர அழைப்பு மையங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவையை மேம்படுத்துவது என்றாலே, வேகமான புதிய இயந்திரம் வாங்கும் பேச்சுதான் முதலில் எழுகிறது. மணிக்கு 230 கி.மீ. பறப்பதை 250 ஆக்கினால், 50 கி.மீ. பயணத்தில் மிச்சமாவது ஒரே ஒரு நிமிடம். "தரை ஆம்புலன்ஸ் போய்ப் பார்த்துச் சொல்லட்டும்" என்று காத்திருப்பதில் அதைப்போலப் பல மடங்கு நேரம் வீணாகிறது. 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்பியபோது, சுமார் 16 கி.மீ.க்கு மேற்பட்ட தூரங்களில் ஹெலிகாப்டர் முந்தியது. தரை ஆம்புலன்ஸ் போன பிறகு அழைத்தபோதோ 72 கி.மீ. தாண்டினால்தான் முந்த முடிந்தது.

ஆகவே, அழைப்பவர் சொல்வதை வைத்தே கிளப்ப வேண்டும். நொறுங்கிய வாகனத்துக்குள் சிக்கியவர், வாகனத்திலிருந்து வெளியே வீசப்பட்டவர், உயரத்திலிருந்து விழுந்து நினைவிழந்தவர், பெரிய மருத்துவமனைக்கு வெகுதொலைவில் பக்கவாதம் தாக்கியவர் என ஒரு பட்டியல் அழைப்பு எடுப்பவரின் கண்முன் இருக்கட்டும். மேலதிகாரியின் அனுமதிக்காக அவர் காத்திருக்கக் கூடாது. தேவையில்லை என்று தெரிந்தால் பாதி வழியில் திருப்பி அழைக்கலாம். அப்படித் திரும்பிய பயணத்தைத் தயவுசெய்து வீண்செலவுக் கணக்கில் எழுதாதீர்கள். எழுதினால், அடுத்த முறை அழைப்பு எடுப்பவர் தயங்குவார்.

சீக்கிரம் கிளப்பச் சொல்வதால் விமானியை நெருக்கலாம் என்று பொருளில்லை. இடம், தூரம், ஏற்ற வேண்டிய எடை ஆகியவற்றை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். நோயாளி குழந்தையா, நிலைமை எவ்வளவு மோசம் என்பதெல்லாம் அவர் காதுக்குப் போகவே கூடாது. வானிலையைப் பற்றிய முடிவில் இரக்கம் கலந்தால் ஏறுகிற அத்தனை பேரின் உயிரும் ஆபத்தில் சிக்கும். இரவில் மேகத்துக்குள் நுழைந்து, தரை எங்கே என்று தெரியாமல் மலையிலோ நிலத்திலோ மோதுவது இந்தத் துறையின் பழைய எமன். அமெரிக்காவில் 2014-இல் விதி வகுத்து, 2017 முதல் இந்த ஹெலிகாப்டர்களில் நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது இதனால்தான். குழுவில் ஒருவர் "வேண்டாம்" என்றாலும் பயணம் ரத்து. ஒரு நிறுவனம் வானிலையால் மறுத்த அழைப்பை, அந்தக் காரணத்தை மறைத்து இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்புவது கொடுமை.

இறங்குமிடம் தயாராக இல்லாவிட்டால், மேலேயே வட்டமிட்டு நிமிடங்களை இழப்போம். முதலில் போய்ச் சேரும் போலீஸாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் இந்தப் பயிற்சி தேவை. குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர் சமதளம் வேண்டும். மின்கம்பி எங்கே போகிறது என்பதை வயர்லெஸ்ஸில் விமானியிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். மேலிருந்து கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். தகரம், தார்ப்பாய், துணி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். புழுதி மண்ணாக இருந்தால் தண்ணீர் தெளியுங்கள். இரவில் எந்த விளக்கையும் மேல்நோக்கிப் பிடிக்காதீர்கள், விமானிக்குக் கண் கூசும். அவர் சைகை காட்டிய பிறகு முன்பக்கமாக மட்டுமே நெருங்க வேண்டும். சரிவான இடமென்றால் தாழ்ந்த பக்கத்திலிருந்து வர வேண்டும், ஏனென்றால் மேட்டுப் பக்கத்தில் விசிறி தலைமட்டத்துக்கு வந்துவிடும். வால் விசிறி சுழலும்போது கண்ணுக்கே தெரியாது. அந்தப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது.

மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது, நெஞ்சில் அடைபட்ட காற்றை வெளியேற்றுவது போன்ற வேலைகளை ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். உள்ளே கை நீட்ட இடமில்லை. இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் பயன்படாது; குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு அளவைத் திரையில் வரையும் அலைக்கோடுதான் காட்டும். ஆக்சிஜனை இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள்: நிமிடத்துக்கு 15 லிட்டர், 40 நிமிடப் பயணம் என்றால் 600 லிட்டர் செலவாகும், 1,200 லிட்டர் கையில் இருக்க வேண்டும்.

மருத்துவமனையின் இறங்குதளம் தள்ளியிருந்தால், அங்கே இன்னொரு ஆம்புலன்ஸ் முன்கூட்டியே நிற்கட்டும். மாடியில் இருந்தால் லிஃப்டைப் பிடித்துவைக்க ஒருவரை நிறுத்துங்கள்.

அழைப்பு வந்த நேரம், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், நோயாளியின் அருகே சென்ற நேரம், மீண்டும் கிளம்பிய நேரம், சிகிச்சை அறைக்குள் நுழைந்த நேரம் ஆகிய ஆறையும் ஒவ்வொரு பயணத்துக்கும் பதியுங்கள். பறந்த நேரத்தை மட்டும் பதிந்தால் தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிடிபடாது. மாதம் ஒருமுறை விமானி, மருத்துவர், அழைப்பு எடுப்பவர், தீயணைப்பு வீரர் நால்வரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து அந்தப் பதிவுகளைப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வான்வழி அவசர மருத்துவப் பணியாளர்கள்