பெட்டியைப் பிரிப்பதற்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

தூத்துக்குடி

அன்புடையீர், வணக்கம்.

நம் கடையைப் பற்றிய குரல் பதிவு ஒன்று பத்து நாட்களாக ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருப்பதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் கடைக்கு வந்து நேரிலேயே விசாரித்தார்கள். எதுவும் கேட்காமல் என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு. டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்ற வந்தவர்களின் பிள்ளைகள் இன்று ஹோம் தியேட்டர் வாங்க வருகிற கடை இது. அந்த உரிமையில், நடந்ததை நானே எழுதிவிடுவது முறை என்று தோன்றியது.

புதிதாகக் குடியேறிய வீடு ஒன்றில் நாம் பொருத்திக் கொடுத்த, இரண்டு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள ஹோம் தியேட்டர் செட்டின் ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் தாய்ப்பெட்டி), மூன்றாம் நாள் மாலையில் புகைந்து நின்றுவிட்டது என்று அந்தப் பதிவு சொல்கிறது. அது உண்மை. ஆனால் அதே மூச்சில், ‘பழைய சரக்கைப் பெட்டி மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்’ என்றும் சொல்லப்படுகிறது. அது உண்மையில்லை.

செட் கெட்டுப்போனதைவிட இந்த ஒரு வாக்கியம்தான் என்னை உறங்கவிடவில்லை என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டியின் மேல் ஒட்டிய வரிசை எண், ரிசீவரின் முதுகில் உள்ள எண், பில்லில் நாம் எழுதிய எண், வாரண்டி அட்டையில் உள்ள எண் ஆகிய நான்கும் ஒன்றே. ஒட்டு நாடாவை வெட்டியது நம் பையன் அல்ல, வீட்டுக்காரரே. வெட்டும்போது அவருடைய மகன் கைப்பேசியில் படமும் எடுத்தார். தெர்மாகோல் நொறுங்காமல் இருந்தது, ரிமோட்டுக்கான பேட்டரிகள் உறை பிரிக்காமல் கிடந்தன. கடையில் ஓட்டிக்காட்டிய செட்டை விற்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. விற்கிறோம், ஆனால் விலையைக் குறைத்து, பில்லிலேயே ‘டிஸ்ப்ளே பீஸ்’ என்று சிவப்பு மையில் எழுதித்தான் விற்கிறோம். அப்படி வாங்கிய வாடிக்கையாளர்கள் இதைப் படிக்கும்போது தங்கள் பில்லை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். இதற்குப் போய் இவ்வளவு எழுத வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். எழுதத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

உண்மையில் நடந்தது வேறு. அந்த வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. மீட்டருக்கு அடுத்துள்ள மெயின் போர்டில், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய திருகு சரியாக முடுக்கப்படவில்லை. சம்பவத்தன்று ஹாலில் பல்புகள் கண் கூசும்படி எரிந்ததாகவும், ஃபேன் சொன்னபடி கேட்காமல் சுழன்றதாகவும், அதே நேரம் சமையலறையில் ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டே நின்றுபோனதாகவும் அவர்களே சொன்னார்கள். நியூட்ரல் விட்டுப்போனதன் அடையாளம் இதுதான். ஒவ்வொரு ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்க வேண்டும். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலோ 400 வோல்ட் இருக்கும். நியூட்ரல் நழுவினால் அந்த 400 வோல்ட், வீட்டில் ஓடும் பொருட்களின் பளுவுக்கு ஏற்பத் தாறுமாறாகப் பங்கிடப்படும். பளு மிகுந்த பக்கம் மின்னழுத்தம் படுத்துவிடும்; இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் ஒரு ரிசீவரும் மட்டும் இருந்த ஹாலின் பக்கம் எகிறிவிடும். நான் போய் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்தபோது ஹாலில் 318 வோல்ட் காட்டியது. ரிசீவரைத் திறந்து பார்த்தால், மின்சாரம் நுழையும் இடத்தில், கூடுதல் வோல்டேஜைத் தடுக்க வைத்திருக்கும் வேரிஸ்டர் என்ற சிறு பாகம் வெடித்து, அதைத் தாங்கிய சர்க்யூட் பலகை கறுத்திருந்தது. ஒலிப் பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை.

‘எம்.சி.பி. இருந்ததே, டிரிப்பர் இருந்ததே, ஏன் விழவில்லை?’ என்பது அனைவரும் கேட்கும் கேள்வி. எம்.சி.பி. அளவுக்கு மீறிய கரண்ட் பாய்ந்தால் விழும். டிரிப்பரோ, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழும். வோல்டேஜ் கூடியதை மட்டும் வைத்து இரண்டும் விழமாட்டா. அதற்கென்று, மேலே போனாலும் கீழே போனாலும் தானே துண்டிக்கும் வோல்டேஜ் காப்பான்கள் மெயின் போர்டிலேயே பொருத்தும்படி கிடைக்கின்றன. மூன்று ஃபேஸ் வீட்டில் விலையுயர்ந்த செட் வைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது அதுதான். அது இயலாதவர்கள், வோல்டேஜ் கூடினால் துண்டிக்கும் ‘ஹை கட்’ வசதியும், கரண்ட் திரும்பியதும் சற்றுத் தாமதித்து இணைக்கும் வசதியும் உள்ள ஸ்டெபிலைசரையாவது வாங்குங்கள். பழைய ஸ்டெபிலைசர்களில் சில, குறைந்த வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்குமே தவிர, கூடியதைத் தடுக்காது. ஐந்து ஓட்டையும் ஒரு சிவப்பு விளக்கும் உள்ள நீட்டிப்புப் பெட்டியை, திடீர் வோல்டேஜ் எழுச்சியைத் தடுக்கும் ‘ஸ்பைக் கார்டு’ என்று நம்பி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பலவற்றைத் திறந்தால் உள்ளே கம்பியைத் தவிர ஒன்றுமிருக்காது.

அன்று செட்டைப் பொருத்தப் போன நம் பையன் வோல்ட் அளக்க மீட்டர் எடுத்துச் செல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரண்டியில் வராத அந்தப் பலகையை, அதன் விலையை மட்டும் பெற்றுக்கொண்டு, கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

எர்த் விஷயமும் இதே கதைதான். உப்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு, எர்த் குழிக்கு ஒரு கூடை உப்பும் கரியும் போடாமல் கட்டி முடித்த வீடுகள் எத்தனையோ! ரிசீவரின் ப்ளக்கில் இரண்டு கால்தானே இருக்கிறது, எர்த் எதற்கு என்று கேட்கிறார்கள். அதனுடன் கம்பியால் சேரும் டிவி, கேபிள் பெட்டி, கம்ப்யூட்டர் ஆகியவற்றின் கசிவு ரிசீவருக்கும் வந்து சேரும். உண்மையான ஸ்பைக் கார்டும் எர்த் இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும். உங்கள் எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. முப்பது நாற்பது காட்டினால் செட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் இடி தொடங்கும் முன்பே சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள். டிஷ் கேபிளையும் இன்டர்நெட் கம்பியையும் சேர்த்தே பிடுங்க வேண்டும். மின்னலின் அதிர்ச்சி ப்ளக் வழியாக மட்டும் வருவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கடைக்கு வந்த சப்-ஊஃபர்களை (கனத்த ஒலி எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டிகளை) நான் மறக்கவில்லை. மரத்தூள் பலகையால் ஆன பெட்டிகள் தண்ணீர் குடித்து, நனைந்த ரொட்டியைப் போல் உப்பியிருந்தன. தரைத்தள வீடுகளில் ஒரு கிரானைட் பலகையின் மேலாவது அவற்றை உயர்த்தி வையுங்கள், ப்ளக் பாயிண்ட்டையும் தரையை ஒட்டி வைக்க வேண்டாம்.

கடற்காற்றில் ஸ்பீக்கர் ஒயரின் செம்பு பச்சை பூக்கும். ஆண்டுக்கு ஒருமுறை நுனியை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டினால் போதும். ஆனால் ஓர் இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது, தொட்டால் ஆம்ப்ளிஃபயருக்குக் கேடு. ரிசீவரைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள் பூட்டி வைப்பதும், அதன் மேல் பூவேலைத் துணி விரிப்பதும் வேண்டாம். தலைக்கு மேல் ஒரு சாண் வெற்றிடம் வேண்டும். ஒரு வீட்டில் ரிசீவரின் மேல் சாமி படமும் அதன் முன் எண்ணெய் விளக்கும் இருந்தன. எண்ணெய் சொட்டியிருந்தது காற்றுத் துளைகளுக்குள்தான். மெல்லிய, கூரிய ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரின் மெல்லிய குமிழைக் குழந்தைகள் விரலால் அமுக்கிப் பார்க்காமல் இருக்க, முன்வலையைக் கழற்றாமல் விடுங்கள். டைல்ஸ் போட்ட வெற்று ஹாலில் ஒலி இரைகிறது என்பவர்கள் ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு ஜமுக்காளத்தை விரித்துப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் உங்கள் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொண்டிருந்தவர், நீங்கள் எல்லாரும் ‘அண்ணாச்சி’ என்று அழைத்த நம் மூத்த மெக்கானிக். டெஸ்ட் லாம்ப்பையும் மீட்டரையும் வைத்துப் பார்க்காமல் அவர் ஒரு பெட்டியையும் பிரித்ததில்லை. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் காபி கேட்டு உட்கார்ந்துவிடுவார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, சென்ற மாதம் மகனோடு இருப்பதற்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார். அவர் இடத்தில் இருக்கும் இரு பையன்களுக்கும் தனித்தனி மீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அளந்த எண்களை பில்லின் பின்புறம் எழுதி, உங்கள் கையொப்பம் பெற்ற பின்னரே பெட்டி பிரிக்கப்படும். வரும் மாதம் முதல் தேதியிலிருந்து பொருத்துக் கூலி 1,500 ரூபாய். ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும்.

குரல் பதிவைக் கேட்ட பிறகும், மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்று, ‘முன்பணம் கொடுத்தாச்சு, நீங்க வந்து மாட்டுங்க’ என்று சொன்ன ஆசிரியர் குடும்பத்துக்கும், தம் குழுவில் நமக்காகப் பேசிய துறைமுக ஊழியர்களுக்கும், ஒன்றும் சொல்லாமல் வழக்கம்போல் ஒயர் வாங்கிப் போன எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் வீட்டு எர்த்தை அளந்து பார்க்க விரும்பினால் செவ்வாய், புதன் பிற்பகல்களில் சொல்லி அனுப்புங்கள். அதற்குக் கூலி இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்